விரிசல் விழுந்த சேவல்

பட்டாணிக் கஞ்சியில் உப்பில்லை என்று ஜெர்வஸ் முகம் சுளித்தான்.

"உப்புக்கும் வரி போட்டுட்டாங்க. பாராளுமன்றத்துக்கிட்டப் போய்க் கேளுங்க," என்றாள் அவன் மனைவி தாமசின்.

"அடடா, இதையும் சேர்த்து அச்சடிச்சிருக்கலாமேடி!"

அரசருக்கும் பாராளுமன்றத்துக்கும் போர். லண்டன் நகரம் பாராளுமன்றத்தின் கையில் இருந்தது. அரசர் ஆக்ஸ்ஃபோர்டில் படையோடு இருந்தார். பிரசங்கங்கள் அச்சிடும் அதே அச்சகத்தில், கதவைத் தாழிட்டுக்கொண்டு, இருவருமாக அரசர் தரப்புத் துண்டுப் பிரசுரம் ஒன்றை அச்சிட்டு அனுப்பியிருந்தார்கள். அதில் அச்சகத்தின் பெயர் கிடையாது. பிடிபட்டால் சிறை.

அச்செழுத்துகளைக் கோத்தவள் தாமசின். கடைசிப் பக்கத்தில் நாலு விரல் இடம் காலியாக நின்றது. "அப்படியே விடு," என்றிருந்தான் ஜெர்வஸ். மொட்டையாக நிற்கும் பக்கத்தைப் பார்க்க அவளுக்குப் பொறுக்கவில்லை. அச்சேற்றுவதற்காக அவன் தாள் நனைக்கப் போன நேரத்தில், சேவல் செதுக்கிய மரக்கட்டை ஒன்றை அங்கே வைத்து இறுக்கினாள். அச்சேறிய தாளைப் பார்த்து அவன் தலையில் அடித்துக்கொண்டான். ஆனால் பிரித்துக் கோக்க நேரமில்லை.

கஞ்சி ஆறுவதற்குள் கதவு தட்டப்பட்டது. இரண்டு சிப்பாய்களோடு ஒபதையா நின்றான். அடுத்த தெரு அச்சகக்காரன். இப்போது பாராளுமன்றத்துக்காகத் திருட்டு அச்சகங்களைத் தேடிப் பிடிக்கிறவன். கையில் அந்தப் பிரசுரம்.

"வாய்யா ஒபதையா, கஞ்சி குடிக்கிறியா? உப்புதான் இல்ல."

ஒபதையா சிரிக்கவில்லை. சேவலின் கழுத்துக்குக் குறுக்கே மை ஒட்டாமல் ஓடிய வெள்ளைக் கோட்டை நகத்தால் தொட்டுக் காட்டினான்.

"போன வருஷம் இந்தக் கட்டைய உங்கிட்ட இரவல் வாங்கினேன். அச்சுல வெச்சு ரொம்ப முறுக்கி வெடிக்க வெச்சவன் நான்தான். என் கை பண்ண கோளாறு எனக்குத் தெரியாதா? சொல்லு, யாரு கோத்தது?"

தாமசின் சொல்ல வாயெடுத்தாள். மேசைக்கடியில் ஜெர்வஸின் கால் அவள் பாதத்தை அழுத்தியது.

"நான்தான். இவளுக்கு எழுத்து வாசனையே கிடையாது."

ஒபதையாவின் முதல் பிரசுரத்துக்குப் பிழை திருத்திக் கொடுத்தவளே அவள்தான். அவன் அவள் பக்கம் திரும்பாமல், "சரி, கிளம்பு," என்றான்.

எட்டாம் நாள் தாமசின் சிறைக் கம்பிக்கு வெளியே நின்று, "என்னாலதானே, என்னாலதானே," என்று அழுதாள். காய்ச்சலில் அவன் உதடு வெடித்திருந்தது.

"பக்கம் லட்சணமா இருந்துச்சுடி," என்றான்.

மறுநாள் போய்ச் சேர்ந்துவிட்டான்.

அதன் பிறகு அரசரின் தலை போயிற்று. அந்தப் பாராளுமன்றமும் போயிற்று. அரசரின் மகன் வந்து முடிசூடிக்கொண்டான். தெருமுனை மீன்காரி இன்றும் பழைய பிரசுரங்களில்தான் மீனைச் சுற்றித் தருகிறாள். எந்தத் தரப்புத் தாள் என்று பார்ப்பதில்லை.