வெள்ளையாய் வளர்ந்தது

பாக்டீரியா என்றாலே வயிற்றுப்போக்குதான் என்று முகம் சுளிக்கிற செஞ்சியில், அதைப் பிள்ளை மாதிரி வளர்த்தவள் சாகிரா ஒருத்திதான். தனியார் கல்லூரி ஒன்றின் ஆய்வகத்தில் அவளுக்கு வேலை. ஒரு மழைக்காலத்தில் கோட்டைக்குள்ளிருக்கும் குளத்துச் சேற்றை அள்ளி வந்து கிருமி வளர்க்கும் கண்ணாடித் தட்டில் பரப்பியபோது, வெளுத்த புள்ளிகளுக்கு நடுவே ஒரே ஒரு புள்ளி கத்தரிப்பூ நிறத்தில் எழும்பியது. அதைத் தனியே பிரித்து வளர்த்தாள். ஸ்பிரிட் ஊற்றினால் சாயம் இறங்கியது. பருத்தித் துணியை நனைத்துப் பார்த்தாள். சோப்புக்கும் அசையாத ஊதா. அந்தத் துணியில் வேறு கிருமிகள் அண்டவே இல்லை. காயத்துக்குக் கட்ட ஆகுமே என்று அன்றைக்கே தோன்றிவிட்டது. அதே சேற்றைப் பிறகு எத்தனை முறை அள்ளி வந்தும் இன்னொரு ஊதாப் புள்ளி வரவில்லை.

"உயிரோடயும் நிறத்தோடயும் கொண்டு வாங்க, ஆராய்ச்சி மாணவியா சேத்துக்கறேன்" என்று புதுச்சேரியில் ஒரு பேராசிரியை வாக்குக் கொடுத்திருந்தார். வயது நாற்பதைத் தொடப்போகிறவளுக்கு இப்படி ஓர் இடம் இன்னொரு முறை கிடைக்காது. சாகிராவுக்கு அது நன்றாகத் தெரியும்.

கோடை விடுமுறைக்கு ஆய்வகத்தில் கரண்ட்டை நிறுத்திவிட்டார்கள். ஊதா வளர்ந்த கண்ணாடிக் குழாய்களை எல்லாம் வீட்டுக்குக் கொண்டு வந்து ஃப்ரிட்ஜில் வைத்தாள். "கிருமி இருக்குது, தொடாதே" என்று அம்மா ஜெஸிமாவிடம் சொன்னாள். அதை அருமையாகப் பாதுகாக்க வேண்டும் என்பதைச் சொல்லாமல் விட்டாள். சொல்லாமலே எல்லாம் அடுத்தவர்களுக்கு விளங்கிவிடும் என்று படித்தவர்களுக்கு ஒரு நினைப்பு.

பக்ரீத் வந்தது. குர்பானி கறியில் சொந்தக்காரர் பங்கை எடுத்துக்கொண்டு சாகிரா திண்டிவனத்தில் அக்கா ஆலியா வீட்டுக்குப் போனாள். மறுநாள் சாயங்காலம் திரும்பி வந்து ஃப்ரிட்ஜைத் திறந்தால், மேலிருந்து கீழ்வரை கறிப் பைகள்.

"அம்மா, என் குழாயெல்லாம் எங்க?"

"பத்திரமா பரண் மேல இருக்குது. ஒண்ணுகூட ஒடையல. ஏழைங்க பங்கு வாங்க வர்றவங்க பஸ் கெடைக்கல, நாளைக்கு வர்றோம்னுட்டாங்க. அவங்க பங்கு கெட்டுப்போனா அல்லா கிட்ட இன்னா பதில் சொல்றது? அதுவுமில்லாம, கறி பக்கத்துல கிருமி வெக்கலாமா? நீயே சொல்லு."

பரணுக்கு மேலே தகரக் கூரை. கத்திரி வெயில் இன்னும் கழியவில்லை. சலவைத் துண்டில் குழந்தையைச் சுற்றுவது போல அம்மா சுற்றி வைத்திருந்தாள். பிரித்துத் தொட்டபோது குழாய்கள் கையைச் சுட்டன. அம்மாவை அறைந்துவிடலாம் போல ஆத்திரம் வந்தது சாகிராவுக்கு. யாரோ ஏழைக்காக இடம் ஒதுக்கியவளை எப்படி ஏசுவது?

கல்லூரிச் சாவியைக் கெஞ்சி வாங்கி, ஒவ்வொரு குழாயிலிருந்தும் துளி தொட்டுப் புதுத் தட்டில் தீற்றி வளர்த்துப் பார்த்தாள். ஒன்றே ஒன்றில்தான் உயிர் இருந்தது. அதுவும் வெள்ளையாய் வளர்ந்தது. குளிர்ச்சியில் வைத்தாள், இருட்டில் வைத்தாள், தொழுது துஆ கேட்டாள். மறுபடி மறுபடி வெள்ளைதான். நிறம் உள்ளவை வெந்து செத்துவிட்டன. நிறத்தைத் தொலைத்த ஏதோ ஒன்று மட்டும் தப்பியிருக்கிறது.

போனில் பேராசிரியை வருத்தப்படத்தான் செய்தார். "நிறம் இல்லாத பாக்டீரியா எந்தச் சாக்கடையிலயும் கெடைக்குமேம்மா. சீட்டை அடுத்தவங்களுக்குக் குடுத்துடறேன், தப்பா எடுத்துக்காதீங்க."

தட்டுகளோடு வீட்டுக்கு வந்தாள். அம்மா வாசலுக்கே வந்துவிட்டாள். மகள் முகம் மாறிய நாளிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

"உசுரோட இருக்குதா?"

தட்டு கொள்ளாமல் வளர்ந்து கிடந்தது.

"இருக்குதும்மா."

"அல்ஹம்துலில்லா! நான் கொன்னுட்டேனோன்னு பயந்தே போயிட்டேன்டி." முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அம்மா ஃப்ரிட்ஜைத் திறந்தாள். நடுத்தட்டு முழுதையும் காலியாக்கி, கழுவித் துடைத்து வைத்திருந்தாள். "இனிமே இது உன்னோடது. அடுத்த பெருநாளுக்குக்கூட கை வெக்க மாட்டேன்."

சாகிராவிடம் இனி அங்கே வைக்க ஒன்றும் இல்லை. அம்மா பார்த்துக்கொண்டு நின்றதால், அந்த வெள்ளைத் தட்டுகளையே ஒவ்வொன்றாக எடுத்து உள்ளே அடுக்கினாள்.