இடமும் வலமும் சுற்றிய போர்வை

வேன்காரம்மாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் குறைவு. பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள், அதனால் வேன்காரம்மா. ஸ்டியரிங்கைப் பிடித்துவிட்டால் பிசகவே மாட்டாள். ஆனால் வண்டியை விட்டு இறங்கி, ஓர் இடத்தில் உட்கார்ந்து ஒரு வேலையைச் செய் என்றால் அங்கேதான் வந்தது வினை. வீட்டில் கழுத்துவரை பின்னிய ஸ்வெட்டர் ஒன்று கையில்லாமல் கிடந்தது. மூன்று சுவருக்கு மட்டும் வண்ணம் அடித்த அறை ஒன்றும் இருந்தது. நான்காவது சுவரை அலமாரி மறைத்துக்கொண்டதால் குடும்ப மானம் தப்பித்தது. ஆரம்பசூரத்தனத்துக்கு ஒரு பரிசு உண்டென்றால் அவளுக்குத்தான் கொடுக்க வேண்டும். அதையும் வாங்கப் பாதி வழி போய்விட்டுத் திரும்பி வந்திருப்பாள்.

இதையெல்லாம் சொல்லிச் சிரிக்கலாம். சிரிக்க முடியாதது ஒன்றும் இருந்தது. மகள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது, பள்ளி ஆண்டு விழாவுக்குக் கவுன் தைத்துத் தருகிறேன் என்று சொல்லி, துணி வாங்கி, ஒரு பக்கத்தை வெட்டியும் வைத்துவிட்டு, அப்படியே மறந்துபோனாள். விழா அன்று காலையில் பிள்ளை வந்து நின்றபோது துணி துணியாகவே இருந்தது. வேன்காரம்மாவின் ஓரகத்தி, அதாவது கணவருடைய அண்ணன் மனைவி, தன் வீட்டிலிருந்து ஒரு கவுனை எடுத்துக்கொண்டு ஓடிவந்து மாட்டிவிட்டாள். மகள் அழவில்லை, கோபிக்கவில்லை. அதற்குப் பிறகு அம்மாவிடம் எதையும் செய்து தரும்படி அவள் கேட்டதே இல்லை, அவ்வளவுதான். வேன்காரம்மாவுக்கு அது இன்றுவரை உறுத்திக்கொண்டே இருந்தது.

இப்போது அந்த மகள் பிள்ளைத்தாய்ச்சி. ஒருநாள் எல்லோரும் சேர்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது ஓரகத்தி சொன்னாள்.

"குழந்தைக்கு விரிக்க நான் ஒரு துண்டுப் போர்வை தைச்சுத் தரேன்."

துண்டுத் துண்டாகத் துணியை வெட்டி, சேர்த்துத் தைத்துச் சின்னச் சின்னக் கட்டங்களாக்கி, கட்டங்களை இணைத்துப் போர்வையாக்கும் வேலை அது. ஓரகத்தி அதில் கைதேர்ந்தவள். மகளின் முகம் மலர்ந்துவிட்டது. வேன்காரம்மாவால் அந்த மலர்ச்சியைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. வாயை விட்டுவிட்டாள்.

"என் பேரக்குழந்தைக்கு நான் தைப்பேன்."

கணவர் தட்டில் எதையோ தொலைத்தவர் போலக் குனிந்துகொண்டார்.

"தையேன், யாரு வேணாம்னா?" என்றாள் ஓரகத்தி. "நானும் ஒண்ணு தைச்சு வெச்சுக்கறேன். எதுக்கும் இருக்கட்டும்."

அந்த 'எதுக்கும் இருக்கட்டும்' சுருக்கென்று தைத்தது. அதைவிட, மகள் மெதுவாகச் சொன்னதுதான் அதிகம் வலித்தது.

"உனக்கு எதுக்கும்மா வீண் சிரமம்?"

வைராக்கியம் வந்துவிட்டது. ஆனால் வைராக்கியம் துணி வெட்டாதே. கத்தரிக்கோலை எடுத்து உட்கார்ந்தால், பத்தாவது துண்டுக்குள் அவள் மனம் தெருவுக்குப் போய்விடும். கை மட்டும் வெட்டிக்கொண்டிருக்கும். வெட்டியதைப் பரப்பிப் பார்த்தால் ஒன்று மாதிரி ஒன்று இருக்காது. எந்த வேலையானாலும் அவள் கைவிடும் இடம் இதுதான்: ஒரே காரியத்தைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டிய இடம்.

அப்போதுதான் பழைய சாமான் கடையில் அந்த யந்திரத்தைப் பார்த்தாள். இரண்டு உருளைகள், பக்கத்தில் ஒரு கைப்பிடி. கூடவே சில வெட்டு அச்சுகள். ஒவ்வொரு அச்சும் ஒரு தடித்த பலகை. மேலே மெத்தென்று நுரை, அதற்குள் முக்கோணமாகவோ பட்டையாகவோ வளைத்துப் பதித்த கூர்மையான தகடு. அச்சின்மேல் துணியை வைத்து, அதன்மேல் ஒரு பிளாஸ்டிக் தகட்டை மூடி, உருளைகளுக்கு நடுவே கொடுத்துச் சுற்றினால் வேலை முடிந்தது. நம்பிக்கை இல்லாமல்தான் வீட்டுக்குக் கொண்டுவந்து சுற்றினாள். கரகரவென்று அந்தப் பக்கம் வந்த பலகையிலிருந்து துணியைத் தூக்கியதும், முக்கோணங்கள் கச்சிதமாக அப்படியே கையோடு வந்தன.

"என்னங்க! இங்க வாங்க! சீக்கிரம்!"

கணவர் முகத்தில் சவரச் சோப்போடு ஓடிவந்தார்.

"பாருங்க, எல்லாம் ஒரே மாதிரி!"

"ஒரே அச்சுல வெட்டினா ஒரே மாதிரிதானே இருக்கும்?"

"அது உங்களுக்குச் சாதாரணம். நான் வெட்டி ஒரே மாதிரி இருக்கறதை நீங்க எப்பப் பாத்தீங்க?"

அவர் நியாயம்தான் என்று ஒப்புக்கொண்டு சோப்பைக் கழுவப் போனார்.

செய்தி ஓரகத்திக்கு எட்டாமல் இருக்குமா? வந்தாள், யந்திரத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். "என்ன இது, பிஸ்கட் வெட்டற மாதிரி?" என்றாள். ஒரு முக்கோணத்தை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். "முனையெல்லாம் ஒடிஞ்சு போயிருக்கே."

முனை ஒடியவில்லை. தைக்கும்போது ஒன்றின் ஓரம் இன்னொன்றின்மேல் சரியாக உட்கார வேண்டும் என்பதற்காகவே அச்சு அந்த நுனிகளைச் சீவிவிடுகிறது. ஆனால் அன்றைக்கு அது வேன்காரம்மாவுக்கும் தெரியாது. தெரிந்த மாதிரி ஒரு முகத்தை வைத்துக்கொண்டு, "அது அப்படித்தான்க்கா" என்றாள்.

அவள் தேர்ந்தெடுத்தது சக்கரக் கட்டம். சாய்ந்து நிற்கும் ஒரு துண்டு, அதன் இரண்டு முனையிலும் ஒவ்வொரு முக்கோணம், மேலே ஒரு பட்டை. இது கால் கட்டம். நான்கு கால் கட்டங்களை ஒன்றையடுத்து ஒன்று திருப்பி வைத்தால் நடுவில் ஒரு சக்கரம் சுழல்கிற மாதிரி தெரியும். சுழற்சியைக் காட்டுவது அந்தச் சாய்ந்த துண்டுதான். அதற்காகவே கடைசியாக மிச்சமிருந்த ஒரு மஞ்சள் பூத்துணியைக் கடைக்காரரிடமிருந்து மொத்தமாக வாங்கி வந்திருந்தாள். அந்தத் துணி இனி வராது என்று அவர் சொல்லியே கொடுத்தார்.

பட்டையும் முக்கோணமும் வெட்டி முடித்த குஷியில் அவளுக்கு அவசரம் பிறந்துவிட்டது. மஞ்சள் துணியை விசிறி மாதிரி முன்னும் பின்னும் மடித்து, அச்சின்மேல் வைத்து, ஒரே சுற்றாகச் சுற்றித் தள்ளினாள். துணி முழுக்கத் தீர்ந்தது. எழுந்து நின்று கையைத் தட்டிக்கொண்டாள். வெட்டும் வேலையைத் தாண்டியது வாழ்க்கையில் அதுதான் முதல்முறை.

முதல் கட்டத்தைத் தைத்துப் பிரித்துப் பார்த்தால், சக்கரத்தைக் காணோம். இரண்டு துண்டு இப்படிச் சாய்ந்தது, இரண்டு துண்டு அப்படிச் சாய்ந்தது. சண்டை போட்டுக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டவர்கள் மாதிரி இருந்தது கட்டம். தையலைப் பிரித்து ஒரு துண்டைச் சுற்றிப் பார்த்தாள். எப்படிச் சுற்றினாலும் அது அந்தப் பக்கமே சாய்ந்தது. புரட்டிப் போட்டால் சாய்வு சரியாக வந்தது, ஆனால் துணியின் வெளிறிப்போன முதுகு தெரிந்தது.

அப்புறம்தான் புரிந்தது. துணியை மடித்தால் ஒரு மடிப்பு முகத்தைக் காட்டும், அடுத்த மடிப்பு முதுகைக் காட்டும். முக்கோணத்துக்கும் பட்டைக்கும் அதனால் ஒரு கெடுதலும் இல்லை. சாய்ந்த துண்டோ கண்ணாடியில் பார்த்த மாதிரி எதிர்ப்பக்கம் சாய்ந்துவிடும். ஒரு மடிப்பு விட்டு ஒரு மடிப்பு, சரிபாதித் துண்டுகள் தப்பான பக்கம் சாய்ந்திருந்தன. மடிக்காமல் ஒன்றன்மேல் ஒன்றாக எல்லாம் முகம் மேலே பார்க்க அடுக்கியிருக்க வேண்டும். யாரிடம் போய்ச் சொல்வது? தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள்.

பார்த்து வந்த மாதிரி அந்த நேரத்தில்தான் ஓரகத்தி வந்தாள். ஒரே பார்வையில் அவளுக்குத் தெரிந்துவிட்டது. தொழில் தெரிந்தவள் அல்லவா.

"மடிச்சு வெட்டினியா?"

"ம்."

"துணி இன்னும் இருக்கா?"

"இல்லக்கா."

ஓரகத்தி பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் கெட்டவள் இல்லை, அதுதான் சங்கடம். கெட்டவளாக இருந்தால் நான்கு வார்த்தை திட்டிவிட்டு நிம்மதியாக இருக்கலாம். "இங்க பாரு, என்னோடது முடியப் போகுது," என்றாள் தணிந்த குரலில். "ரெண்டு பேரும் சேர்ந்து தைச்சோம்னு சொல்லிடலாம். நான் யாருகிட்டயும் மூச்சு விடமாட்டேன்."

வேன்காரம்மா சரியென்று சொல்ல வாயைத் திறந்தாள். உண்மையாகவே திறந்தாள். சொல்லியிருந்தால் எல்லாம் சுமுகமாக முடிந்திருக்கும். மகளும் 'நல்லா இருக்கும்மா' என்று சொல்லியிருப்பாள், உள்ளுக்குள் யார் தைத்தது என்று தெரிந்துகொண்டே. அந்த 'நல்லா இருக்கும்மா' இப்போதே காதில் விழுந்துவிட்டது.

"வேணாங்க்கா," என்றாள். "இன்னும் கொஞ்சம் பாக்கறேன்."

ஓரகத்தி போன பிறகு அவளுக்கு வந்தது நம்பிக்கை இல்லை, எரிச்சல். எவ்வளவு மோசம் என்றுதான் பார்த்துவிடுவோமே என்று துண்டுகளை இரண்டு குவியலாகப் பிரித்தாள். நல்ல குவியலிலிருந்து நான்கை எடுத்து ஒரு சக்கரம் தைத்தாள். கெட்ட குவியலிலிருந்து நான்கை எடுத்து இன்னொரு சக்கரம் தைத்தாள். ஒன்று வலப்பக்கம் சுற்றியது, மற்றது இடப்பக்கம் சுற்றியது. இரண்டையும் தரையில் தள்ளித் தள்ளிப் போட்டுப் பார்த்தாள். பிறகு பக்கத்தில் பக்கத்தில் நகர்த்தினாள்.

அப்படியே நின்றுவிட்டாள். ஒரு சக்கரம் இன்னொரு சக்கரத்தைச் சுற்றிவிடுகிற மாதிரி இருந்தது.

"கியர்!" என்று கத்தினாள். "என்னங்க, இது கியருங்க!"

இத்தனை வருஷம் கியர் போட்டுக் காலம் தள்ளியவளுக்கு அதுகூடத் தெரியாதா? பல்லோடு பல் சேர்ந்த இரண்டு சக்கரம் ஒரே பக்கம் சுற்றாது. ஒன்று வலம் போனால் மற்றது இடம் போகும், அப்போதுதான் வண்டி நகரும். உடனே நல்ல குவியலிலிருந்து இன்னொரு சக்கரம் தைத்து, இரண்டு வலச்சுற்றையும் அருகருகே வைத்துப் பார்த்தாள். முட்டிக்கொண்டு நின்றன. நடுவில் ஓர் இடச்சுற்றை நுழைத்தாள். மூன்றும் ஓட ஆரம்பித்தன. எந்தப் பக்கம் போனாலும் ஒன்று விட்டு ஒன்று மாற வேண்டும் என்றால், இரண்டு வகையும் சரிபாதி வேண்டும். அவளிடம் சரிபாதிதான் இருந்தது. திட்டம் போட்டு வெட்டியிருந்தால்கூட இவ்வளவு சரியாக வந்திருக்குமா என்பது சந்தேகம்தான். கணவர் வந்து பார்த்துவிட்டு, "ஓடுதே!" என்றார். அவரிடமிருந்து இவ்வளவு பெரிய பாராட்டு கல்யாணமான புதிதில்கூட வந்ததில்லை.

அதற்குப் பிறகு அவளைப் பிடிக்க முடியவில்லை. ஓரமும் ஓரமும் தானாகப் பொருந்தின. சீவப்பட்ட முனைகள் எதற்கு என்று இப்போது அவள் யாருக்கு வேண்டுமானாலும் பாடம் எடுப்பாள். ஒரே வேலையைத் திரும்பச் செய்கிற சலிப்பும் வரவில்லை, ஒரு சக்கரம் சேரும்போதெல்லாம் பக்கத்துச் சக்கரம் கிளம்புவதைப் பார்க்க வேண்டியிருந்ததே! கட்டங்களை இணைத்து, நடுவில் பஞ்சு வைத்து, அடித்துணி சேர்த்து, மேலோடு கீழாகத் தையல் ஓட்டி முடித்தாள். பாக்கி, சுற்றிலும் ஓரப்பட்டியைக் கையால் தைப்பது மட்டும்தான். அதை வேனிலேயே வைத்துக்கொண்டு, பள்ளி வாசலில் காத்திருக்கும் நேரத்தில் தைத்தாள். அங்கேதான் கைப்பேசி அழைத்தது. டாக்டர் சொன்ன நாளுக்கு முன்னாலேயே குழந்தை புறப்பட்டுவிட்டது.

பிள்ளைகளை வீடு சேர்த்துவிட்டு, வேனோடு நேராக மருத்துவமனைக்குப் போனாள். பிரசவ அறைக்கு வெளியே ஓரகத்தி உட்கார்ந்திருந்தாள். மடியில் அழகான உறைக்குள் முடித்த போர்வை. வேன்காரம்மா அவள் பக்கத்தில் உட்கார்ந்து, தன்னுடையதை விரித்துப் போட்டு, ஊசியை எடுத்தாள். உள்ளே மகள் வலியில் முனகுவது கேட்டது. ஊசியை நிறுத்தாமல் தைத்தாள்.

ஓரகத்தி வெகுநேரம் அந்தச் சக்கரங்களைப் பார்த்தாள். ஒரு விரலை ஒன்றின்மேல் வைத்து, அடுத்ததற்கு நகர்த்தி, அதற்கடுத்ததற்கும் நகர்த்தினாள். "மடிச்சு வெட்டினதா இது?" என்றாள்.

"ஆமாங்க்கா."

"எனக்குத் தோணலையே இது." கையை நீட்டி, "குடு, அந்தப் பக்கத்தை நான் தைக்கறேன். சீக்கிரம் முடியும்," என்றாள்.

"கோச்சுக்காதீங்க்கா. நீங்க ஒரு தையல் போட்டாலும், நீங்கதான் முடிச்சீங்கன்னு ஆயிடும்."

ஓரகத்தி கோபிக்கவில்லை, சிரித்துவிட்டாள். "அதுவும் சரிதான்."

உள்ளே ஒரு குழந்தை வீறிட்டது. இரண்டு பெண்களும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். ஆனால் ஊசி போகவேண்டிய தூரம் இன்னும் ஒரு சாண் இருந்தது. கதவு திறந்து நர்ஸ் வந்தாள்.

"பெண் குழந்தை. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க. விரிக்க ஏதாவது கொண்டுவந்திருக்கீங்களா?"

உறைக்குள் இருந்தது முடித்த போர்வை. அதை நீட்டினால் போதும். ஓரகத்தி எழுந்தாள், உறையை நாற்காலிக்கு அடியில் தள்ளினாள், நேராக நர்ஸ் முன்னால் போய் நின்றுகொண்டாள்.

"எடை எவ்வளவும்மா? பால் குடிச்சுதா? முடி இருக்கா? யாரு ஜாடை? டாக்டர் எப்ப வருவாங்க? ஏம்மா, தாயிக்கு என்ன சாப்பிடக் குடுக்கலாம்?"

நர்ஸ் திணறிக்கொண்டே ஒவ்வொன்றாகப் பதில் சொன்னாள். பதில் தீரத் தீர ஓரகத்தி அடுத்த கேள்வியோடு தயாராக நின்றாள். அவளுடைய முதுகுக்குப் பின்னால் வேன்காரம்மாவின் ஊசி பறந்தது. கடைசி முடிச்சைப் போட்டு, நூலைப் பல்லால் கடித்துத் துண்டித்தாள்.

"இந்தாங்க, நானே கொண்டுவரேன்!" என்று எழுந்தாள்.

மகள் வெளிறிப்போய்ப் படுத்திருந்தாள். அவள் பக்கத்தில் போர்வையை விரித்து, பேத்தியைத் தூக்கி நடுவில் கிடத்தினார்கள். மஞ்சள் சக்கரங்கள் இடமும் வலமுமாகக் குழந்தையைச் சுற்றி ஓடின. மகள் கையை நீட்டி, போர்வையின் ஓரத்தைத் தொட்டாள். ஒரு விரல் ஓரப்பட்டியின்மேல் மெல்ல நகர்ந்தது. எட்டாத பக்கத்தை இழுத்துத் தடவினாள். எங்கேயாவது ஓர் இடத்தில் தையல் நின்றுபோயிருக்கும் என்று அவள் தேடுகிறாள் என்பது வேன்காரம்மாவுக்குப் புரிந்தது. தேடட்டும் என்று நின்றாள்.

விரல் நான்கு பக்கமும் போய், ஆரம்பித்த இடத்துக்கே வந்து சேர்ந்தது.

"முடிச்சுட்டியாம்மா?" என்றாள் மகள். கண் நிறைந்திருந்தது.

"முடிச்சுட்டேன்டி!" என்றாள் வேன்காரம்மா. வெளியே நடைக்கூடம் முழுவதும் கேட்டது, ஒருவரும் அவளைச் சத்தம் போடாதே என்று சொல்லவில்லை.