மயில் மார்க் பொதுவுடைமை

காஜா பெராங் சாலையில் பொன்னுதுரையின் சைக்கிள் கடை வாசலில் முதலாளித்துவம் தினமும் சாயங்காலம் செத்துப்போகும். மறுநாள் காலையில் எதிர்வரிசையில் வைரவன் செட்டியார் தன் இரும்புச் சாமான் கடையின் பலகைகளைக் கழற்றும்போது மறுபடி எழுந்து உட்காரும். இரண்டு பேருக்கும் இதில் வருத்தம் கிடையாது. மலாயாவுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், வரப்போகிற அந்த வருஷத்தில் ஊரில் எல்லோருக்கும் ஏதாவது ஒரு கட்சி இருந்தது. கட்சி இல்லாதவனைக் காப்பிக் கடையில் யாரும் மதிக்கவில்லை.

பொன்னுதுரை தொழிற்சங்கக்காரன். ரப்பர் தோட்டத்தில் பால் வாளி தூக்கி வளர்ந்தவனுக்கு உடைமை என்றால் என்னவென்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அது அடுத்தவனிடம் இருப்பது. ஆகவே அது யாரிடமும் இருக்கக் கூடாது என்று அவன் பேசினான். நன்றாகவே பேசினான். போன மாதம் வாசகசாலையில், நிலத்துக்கு வேலி போட்டவன் நாளைக்கு அறிவுக்கும் வேலி போடுவான், விடக்கூடாது என்று அவன் முடித்தபோது சங்கத்துத் தியாகு பெஞ்சின் மேல் ஏறி நின்று கைதட்டினான்.

அந்த வேலிதான் இப்போது அவன் வாசலுக்கே வந்திருந்தது.

விஷயம் ஒரு தேங்காய் துருவும் மெஷின். பொன்னுதுரையின் மனைவி பூங்காவனம் காலையில் புட்டு மாயம் விற்கிறவள். நம் ஊர் இடியாப்பம்தான். தேங்காய்த் துருவலும் நாட்டுச் சர்க்கரையும் போட்டுக் கொடுத்தால் மலாய்க்காரர், சீனர், தமிழர் எல்லோருக்கும் பிடிக்கும். இடியாப்பம் பிழிவதைவிடத் தேங்காய் துருவுவதுதான் அவள் கையைத் தின்றது. ஒரு நாள் விரலும் சேர்ந்து துருவப்பட்டு, அன்றைய துருவல் முழுவதும் கோழிக்குப் போயிற்று. அதற்கு அப்புறம்தான் பொன்னுதுரை உட்கார்ந்து யோசித்தான். பழைய சைக்கிளின் பெடல், செயின், பல்சக்கரம் மூன்றையும் ஒரு மரச்சட்டத்தில் பூட்டினான். சுழலும் முனையில் பல் வைத்த இரும்புக் குமிழ் ஒன்றைப் பொருத்தினான். உட்கார்ந்து மிதித்தால் குமிழ் சுழலும். தேங்காய் மூடியை அதில் கவிழ்த்துப் பிடித்தால் போதும். குமிழின் பற்களைப் பதம் பார்த்துக் காய்ச்சி எடுப்பதற்குள் அவன் இடது உள்ளங்கை வெந்து தோல் உரிந்தது.

தலைமுறைகளாக மலாய் பேசிப் பழகிய தமிழ் வம்சத்தவர்களான பக்கத்துச் சிட்டி வீட்டுப் பெண்கள் வந்து மிதித்துப் பார்த்து, மலாயில் 'பாகுஸ், பாகுஸ்' என்று மெச்சி, எங்களுக்கும் ஒன்று என்றார்கள். அவர்களைப் பார்த்து மலாய்க்காரப் பெண்கள் வந்தார்கள். பங்சர் ஒட்டுகிற வேலை எப்போதும் அரை வயிற்று வேலைதான். மெஷின் வந்த பிறகுதான் அந்த வீட்டில் மீன் வாசனை அடிக்கடி எழுந்தது. எப்படிச் செய்தாய் என்று யார் கேட்டாலும் பொன்னுதுரை கழற்றிக் காட்டினான். வைரவன் செட்டியாரும் கேட்டார். வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு அவரே ஏறி உட்கார்ந்து மிதித்தார். வீட்டில் மனைவி நாகம்மையிடம் காட்டிவிட்டுத் தருகிறேன் என்று தூக்கிக்கொண்டு போனார்.

தந்துவிட்டார், அதில் குறையில்லை. ஆனால் கொஞ்ச நாளில் அவர் கடை முகப்பில் பச்சைச் சாயம் அடித்த மெஷின்கள் வரிசையாக நின்றன. தெங்கேராவில் ஒரு சீனத் தவுக்கே முதலாளியின் பட்டறையில் வார்த்து வாங்கியவை. ஒவ்வொன்றிலும் தோகை விரித்த மயில் படம் ஒட்டியிருந்தது. பொன்னுதுரை அதைப் பார்த்துச் சிரிக்கத்தான் செய்தான். ஊரில் பெண்கள் கை பிழைத்தால் சரி என்றான்.

சிரிப்பு நின்றது புதன்கிழமை. செட்டியார் சாலையைக் கடந்து வந்து, டயர் பெட்டியின் மேல் துண்டை விரித்து உட்கார்ந்து, வீட்டு நலம் எல்லாம் விசாரித்துவிட்டு, திங்கட்கிழமை வக்கீல் நல்லையா மூலமாக மெஷினைத் தன் பெயரில் பதியப்போவதாகச் சொன்னார். பதிந்துவிட்டால் மலாயாவில் வேறு யாரும் அதைச் செய்ய முடியாதாம். செய்தால் கேஸாம்.

"உனக்கும் சேத்துத்தான் சொல்றேன் பொன்னு. தப்பா நினைக்காதே. சிங்கப்பூர்ல எவனாச்சும் பாத்தா நாளைக்கே ஆயிரமா அடிச்சுத் தள்ளிருவான். ஒருத்தர் பேர்ல இருந்தாத்தான் பாதுகாப்பு."

"அந்த ஒருத்தர் நானா இருந்தா என்ன செட்டியாரே?"

"நீதான் பேரே கூடாதுன்னு பேசுறவனாச்சே" என்றார் செட்டியார். குத்திப் பேசவில்லை, உண்மையிலேயே அப்படித்தான் நினைத்திருந்தார்.

கடைக்குள் பாதி முடிந்த மரச்சட்டங்கள் ஆணியில் தொங்கின. சொல்லி வைத்துவிட்டுப் போன பெண்கள் தினமும் வந்து எட்டிப் பார்த்தார்கள். திங்கட்கிழமைக்குப் பிறகு அந்தச் சட்டங்களை விறகுக்குத்தான் போடவேண்டும். வக்கீலிடம் போய் உண்மையைச் சொல்லச் சொன்னாள் பூங்காவனம். அவனால் முடியவில்லை. இது என்னுடையது என்ற சொல்லை அவன் வாய் பழகியதில்லை. போன மாதம் வேலியை உடைக்கச் சொன்னவன் இந்த மாதம் வேலிக்கு மனுப் போட்டால் சங்கத்தில் என்ன பேசுவார்கள், தியாகு முகத்தில் எப்படி முழிப்பது என்று முனகினான்.

"தியாகுவா வந்து எனக்குத் தேங்கா துருவித் தரப்போறான்?" என்றாள் பூங்காவனம். பழைய துருவியை எடுத்துக் கழுவி வெயிலில் காயவைத்தாள். திட்டியிருந்தால்கூட அவனுக்கு இவ்வளவு வலித்திருக்காது.

சனிக்கிழமை வாசகசாலையில் பட்டிமன்றம். உலகம் உருப்படுவது பொதுவுடைமையாலா, தனியுடைமையாலா? நடுவர் வக்கீல் நல்லையா. யாழ்ப்பாணத்துக்காரர், ஊரில் எந்த மேடை போட்டாலும் நடு நாற்காலி அவருக்குத்தான். ஒரே ஆள் ஒரே பக்கம் நின்று ஒரே பேச்சைப் பேசுவதைக் கேட்டுச் சலித்துப்போய், யார் எந்தப் பக்கம் என்பதைச் சீட்டுக் குலுக்கித்தான் முடிவு செய்வது என்ற வழக்கத்தை அந்த மன்றத்தில் கொண்டுவந்தவர் அவரே. பித்தளைச் செம்பில் கையை விட்டுச் சீட்டை எடுத்துப் பிரித்த பொன்னுதுரைக்கு முகம் வெளுத்தது. தனியுடைமை. செட்டியார் கையில் பொதுவுடைமை. கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. தியாகு தலையில் கை வைத்துக்கொண்டான்.

முதல் பேச்சு பொன்னுதுரை. அடுத்தவன் சட்டையைப் போட்டுக்கொண்டவன் மாதிரி நெளிந்து நெளிந்து ஆரம்பித்தான். அமெரிக்காவைப் பார், கார் செய்கிறான், விமானம் செய்கிறான், ஏன், தனக்கென்று இருப்பதால் செய்கிறான் என்று எங்கோ படித்ததை ஒப்பித்தான். பின்வரிசையில் கொட்டாவி கேட்டது. பெண்கள் பக்கத்துப் பெஞ்சில் பூங்காவனம் உட்கார்ந்திருந்தாள். அவனைப் பார்க்கவில்லை, மடியில் கிடந்த தன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் குறிப்புத் தாளை மடித்துப் பையில் வைத்தான். இடது கையை விரித்துக் கூட்டத்துக்குக் காட்டினான்.

"ஒரு சாமானைச் செய்யும்போது எனக்குக் கை வெந்துச்சு. பாக்கிறவங்க எல்லாம் பாருங்க. அந்தச் சாமானைப் பாத்துச் செஞ்சவருக்கு எங்க வெந்துச்சு? வெந்தவன் இது என்னோடதுன்னு சொன்னா அது பேராசை இல்லீங்க. அவன் கூலி கேக்கிறான். தோட்டத்துல கேட்ட அதே கூலிதான்."

கூட்டம் தட்டியது. யாரைச் சொல்கிறான் என்று எல்லோருக்கும் தெரிந்தது. சிட்டி வீட்டுப் பெண்களுக்குத் தமிழ் அவ்வளவாகப் புரியாவிட்டாலும் கை புரிந்தது. அவர்கள்தான் அதிகம் தட்டினார்கள். பொன்னுதுரை இறங்கி வந்து உட்கார்ந்தான். பேசியது போட்டிக்காகத்தான். ஆனால் பேசும்போது அதில் ஒரு சொல்கூடப் பொய்யாக இல்லை என்பது அவனுக்கே புதிதாக இருந்தது.

செட்டியார் எழுந்தார். கைதட்டல் எதிரியின் பக்கம் போவதை அவரால் கடையிலும் பொறுக்க முடியாது, மேடையிலும் பொறுக்க முடியாது. துண்டை இடுப்பில் இறுக்கிக் கட்டினார். சரக்குக் கணக்கு பார்க்கிற அந்த வாயிலிருந்து இப்படி ஒரு பேச்சு வரும் என்று யாரும் நினைக்கவில்லை. நம் நெசவாளியின் வேலையைப் பார்த்துத் துணி நெய்யக் கற்றுக்கொண்டவன் இங்கிலீஷ்காரன். நமக்கு ஒரு முழம் சும்மா கொடுத்தானா என்றார். யுத்தத்தில் அமெரிக்காக்காரன் செயற்கை ரப்பர் காய்ச்சினான்; அந்தப் பக்குவத்தைப் பூட்டி வைத்துக்கொண்டு நம் மரத்துப் பாலின் விலையை அடிக்கிறான்; பூட்டுகிறவன் ஜெயிப்பதும் பால் எடுக்கிறவன் தோற்பதும் நியாயமா என்றார். கூட்டம் சூடேறியது. அவருக்கும் ஏறியது.

"ரப்பர் மரம் யாரோடது? பிரேசில்காரனோடது. வெள்ளைக்காரன் வெதையை அள்ளிக்கிட்டு வந்து இங்க நட்டான். பிரேசில்காரன் அன்னைக்கே வேலி போட்டிருந்தா இந்த மலாயாவுல தோட்டம் ஏது? தோட்டம் இல்லேன்னா நீங்க ஏது, ஒங்களுக்குச் சாமான் விக்கிற நான் ஏது?"

கூரை அதிர்ந்தது. தியாகு மறுபடியும் பெஞ்சின் மேல் ஏறிவிட்டான். அந்த இடத்தில் செட்டியார் உட்கார்ந்திருந்தால் போதும். ஆனால் கைதட்டல் காதில் ஏறிய மனிதனுக்கு உட்காரத் தெரியாது. பொன்னுதுரையின் பக்கம் கையை நீட்டினார்.

"தம்பி கையைக் காட்டுச்சு. நானும் மறைக்கலை. அந்த மெஷின் தம்பியோடதுதான். வீட்டுக்குக் கொண்டுபோனேன், நூல் பிடிச்சு அளந்தேன், தவுக்கேகிட்ட இதே மாதிரி அடின்னேன். அதனால என்னாச்சு? ஊர்ப் பொம்பளைங்க கையெல்லாம் பொழைச்சுது. அறிவு ஒருத்தன் வீட்டுக் கெணறு இல்லே. அதுதான்யா பொதுவுடைமை!"

வாசகசாலை இதற்குமுன் அப்படி ஒரு சத்தத்தைக் கேட்டதில்லை. நல்லையாவும் தட்டினார். தட்டிக்கொண்டே இருந்தவர் நடுவில் கையை நிறுத்திக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு தீர்ப்புச் சொன்னார். பொதுவுடைமைக்கே வெற்றி. செட்டியாருக்கு ரோஜா மாலை, பொன்னுதுரைக்கு ஒரு துண்டு.

கூட்டம் கலையும்போது மேடை ஓரத்தில் மூன்று பேரும் நின்றார்கள். மாலை கழுத்தை உறுத்த உறுத்த, செட்டியார் வக்கீலிடம் குனிந்து, திங்கட்கிழமை காலையில் ஆபீசுக்கு வந்துவிடுவதாகச் சொன்னார்.

"எதுக்கு?" என்றார் நல்லையா.

"பதிவுக்குத்தான் சார். அந்த மெஷினு."

"எந்த மெஷின்? பொன்னுதுரையின்ர மெஷினை நூல் பிடிச்சு அளந்தனீங்கள் எண்டு சொன்னீங்களே, அந்த மெஷினோ?"

"அது மேடைப் பேச்சு சார். சீட்டுல அந்தப் பக்கம் விழுந்துச்சு, பேசினேன். தனியுடைமை விழுந்திருந்தா வாயே தெறந்திருக்க மாட்டேன்."

"செட்டியார், இது என்ர சொந்த யோசனை எண்டு நீங்கள் சத்தியம் பண்ணிக் கையெழுத்து வைக்கவேணும். பக்கத்தில நான் நிக்கவேணும். இல்லை எண்டு நீங்களே சொன்னதை இந்த ஊரே கேட்டது. நானும் கேட்டனான். கை வேற தட்டிப்போட்டன்."

செட்டியார் மாலையிலிருந்து ஒரு இதழைப் பிய்த்துக் கீழே போட்டார். பொன்னுதுரை துண்டைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு, அப்படியென்றால் யார் பெயரில் பதிவது என்று கேட்டான். கேட்டபிறகுதான் கேட்டுவிட்டோம் என்று தெரிந்தது. ஒருவர் பெயரிலும் முடியாது என்றார் நல்லையா. ஊரெல்லாம் விற்று, கழற்றிக் காட்டி, எல்லோர் கண்ணிலும் பட்ட பொருள் புதுப் பொருள் ஆகாது. இனி அவனும் செய்யலாம், செட்டியாரும் செய்யலாம், கேட்டால் தானும் செய்யலாம்.

மரச்சட்டங்கள் இனி விறகாகப் போகாது. பொன்னுதுரை மூச்சை இழுத்து விட்டான். இத்தனை நாள் மேடைக்கு மேடை அவன் கேட்டது இதைத்தான். கிடைத்தபோது, புதுச் செருப்பு மாதிரி எங்கோ ஒரு இடத்தில் கடித்தது. வாசலில் காத்திருந்த பூங்காவனத்திடம் விஷயத்தைச் சொன்னான். நாளைக்கு முதல் வேலையாகத் தொங்குகிற சட்டங்களை முடிக்கச் சொன்னாள் அவள்.

முடித்தான். முடித்த ஒவ்வொரு மெஷினிலும், குமிழுக்குக் கீழே இரும்புப் பட்டையில், எழுத்து உளியை வைத்துச் சுத்தியால் தட்டித் தன் பெயரைப் பொறித்தான். படம் கிடையாது, சாயம் கிடையாது. பெயர் மட்டும். எதிர்வரிசையில் மயில்களுக்கு நடுவில் உட்கார்ந்து செட்டியார் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். தியாகு வந்து குனிந்து படித்தான். தோழர் தனியுடைமையை மேடையிலேயே விட்டுவிட்டு வந்திருப்பார் என்று நினைத்தேனே, இது என்ன என்று கேட்டான்.

"வெலாசம் லா" என்றான் பொன்னுதுரை, அடுத்த எழுத்தைத் தட்டிக்கொண்டே. "செயின் கழண்டா எங்க கொண்டு வரணும்னு தெரியணுமில்ல."

பொன்னுதுரை தலையை நிமிர்த்தவில்லை. கடைசி எழுத்தைக் கொஞ்சம் ஆழமாகவே தட்டினான்.