வியாழக்கிழமைப் புள்ளிகள்

ராயபுரத்தில் எங்கள் தெருவில் யார் வீட்டிலும் கடிகாரம் கிடையாது. பிள்ளைகளின் ஞானோபதேச வகுப்புக்கு மாதா கோயில் மணி அடித்தால் நாலு மணி. மணியும் தப்பலாம் என்று எங்களில் யாருக்கும் தோன்றியதில்லை.

நான் அப்போது உபாத்தியாயினிப் பயிற்சிப் பள்ளியில் இரண்டாம் வருஷம். எதையாவது தினமும் அளந்து, அதிலிருந்து ஒரு கேள்வி எடுத்து, அதைப் பாடமாக நடத்திக் காட்ட வேண்டும் என்றார் எங்கள் ஆசிரியை ஞானம்மாள். ஜனவரியில் கோயில் வளாகத்தில் ஓரடிக் குச்சி ஒன்றை நட்டு, நாலு மணி அடிக்கும்போது அதன் நிழலை அளக்க ஆரம்பித்தேன். குச்சி நட வேறு இடமா இல்லை? மணி அடிப்பவன் ஜேக்கப் என்பதால்தான் அங்கே நட்டேன். இதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

ஜேக்கப்புக்கு வீட்டார் யாருமில்லை, கோயிலிலேயே வளர்ந்தவன். கயிற்றை விட்டுவிட்டு என் பக்கத்தில் வந்து நிற்பான். "எத்தினி அங்குலம்?" என்பான். சொல்வேன். இரண்டு மாதத்தில் அவன் பேசியது அவ்வளவுதான்.

மார்ச்சில் ஒரு நாள், "திங்கக்கெழம ரங்கூன் கப்பல்ல போறேன், பிலோமி. அங்க மில்லுல வேல கீதாம்" என்று சொல்லிவிட்டு நின்றான். போகாதே என்பது வாய் வரை வந்தது. என்மேல் ஆசை இருந்தால் அவன் சொல்லட்டுமே என்ற வீம்பு எனக்கு. "நல்லபடியா போய்ட்டு வா" என்று அளவு நாடாவைச் சுருட்டினேன்.

அவன் கப்பலேறிய மறுநாள் அளவுகளைக் கட்டத்தாளில் குறித்தேன். நாளாக ஆக நிழல் குறைந்துகொண்டே வந்திருந்தது. ஆனால் வாரத்துக்கு ஒரு புள்ளி மட்டும் இரண்டு அங்குலம் மேலே துருத்திக்கொண்டிருந்தது. ரப்பரை எடுத்தேன்.

"அழிக்காதே" என்றார் ஞானம்மாள். "பிள்ளைங்களை ஏன்னு கேக்கச் சொல்லப் போறவ நீ. முதல்ல நீ கேளு."

தேதிகளுக்கு எதிரே கிழமையை எழுதினேன். துருத்திய புள்ளிகள் எல்லாம் வியாழன். வியாழனன்று எங்கள் பள்ளியில் தையல் வகுப்பு, பள்ளிக் கடிகாரப்படி நாலு மணிக்குத்தான் முடியும். எவ்வளவு ஓடினாலும் கோயிலுக்குப் பத்து நிமிஷம் ஆகும். ஆனாலும் ஒரு வியாழன்கூட நான் மணியைத் தவறவிட்டதில்லை. என் நல்ல காலம் என்றே நினைத்திருந்தேன். சாயங்கால நிழல் நீண்டிருந்தால் நேரம் கடந்திருக்கிறது என்று அர்த்தம். அப்படியானால் வியாழன்தோறும் மணிதான் தாமதமாக அடித்திருக்கிறது.

ஊகத்தைச் சோதிக்காமல் எழுதக்கூடாது என்பது ஞானம்மாள் போட்ட சட்டம். அந்த வியாழன் தையல் முடிந்ததும் வழக்கம்போல் ஓடினேன். புதிதாக வந்த கிழவர்தான் இப்போது மணி அடிக்கிறார். நான் பள்ளி வாசலைத் தாண்டுவதற்குள் மணி அடித்து ஓய்ந்துவிட்டது. நடுத்தெருவில் நின்று அழுதேன்.

"மணி அடித்தவர், அளப்பவள் வரும்வரை காத்திருந்தார்" என்று நோட்டில் எழுதினேன். ஞானம்மாள் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

அன்றே அவனுக்குக் கடிதமும் எழுதினேன். ரங்கூனில் எந்த மில் என்று நான் கேட்டிருக்கவில்லை.