உறைய வைக்கவும்

1

"அவன் தேவையில்லை."

இதுதான் நான் எழுதிய முதல் வாக்கியம். கோடைச் சிறப்பிதழுக்குச் சமையல் குறிப்பு கேட்டிருந்தார்கள். க்ரீம் டார்ட் என்கிற இனிப்பு, அடுப்பே பற்றவைக்கக் கூடாது, சுலபமாக இருக்கவேண்டும், ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது. நானும் நல்லபிள்ளையாக உட்கார்ந்தேன். எழுதியதைத் திரும்பப் படித்தால், அது ரொட்டி சுடுகிற அவன் என்ற மின்சார அடுப்பைப் பற்றிய வாக்கியமாகவே தெரியவில்லை. எவனையோ தலைமுழுகிவிட்ட ஒருத்தி சொல்வது மாதிரி இருந்தது. குறிப்பு அங்கேயே நின்றுபோனது, கதை பிடித்துக்கொண்டது.

2

முதல் தொடக்கம்:

புருஷன் விட்டுப்போன ஒருத்தி, வெயில் கொளுத்தும் மதியத்தில், தனக்கென்று ஒரே ஒரு டார்ட்டைச் செய்துகொண்டு

வேண்டாம். ஒற்றை டார்ட்டுக்காக யார் இவ்வளவு மெனக்கெடுவார்கள்? தவிர, புருஷன் விட்டுப்போன கதைகளைப் படித்துப் படித்து உங்களுக்கும் அலுத்திருக்கும்.

இரண்டாவது:

அக்காவின் சமையலைக் குறைசொல்ல முடியாது, அவள் வாயைத்தான்

இது பரவாயில்லை. அக்காவை வைத்துக்கொள்கிறேன்.

3

அக்கா மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாள். டாக்டர்களின் கிறுக்கலையெல்லாம் தண்ணீர் பட்ட பாடாகப் படிப்பாள். சாப்பாட்டுக்கு முன்னாலா பின்னாலா என்று கேட்கிறவர்களுக்குப் பொறுமையாகச் சொல்லி அனுப்புவாள். பொறுமையெல்லாம் கடையோடு சரி. அவளுடைய தங்கை ஒரு பேக்கரியில் கேக் செய்கிறாள்.

போன வருடம் சொந்தக்காரர்கள் கூடிய ஒரு விருந்தில், சின்னவள் என்ன செய்கிறாள் என்று யாரோ கேட்டார்கள். "கேக் சுடறா. அதெல்லாம் ஒரு வேலையா? சும்மா பொழுதுபோக்கு" என்றாள் அக்கா. பக்கத்தில் இருந்த தங்கை தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனாள். அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சில்லை.

(சண்டைக்கு இதைவிடப் பெரிய காரணம் வேண்டாமா என்று நீங்கள் கேட்கலாம். சொத்தைப் போட்டுப் பார்த்தேன், காதலைப் போட்டுப் பார்த்தேன், இரண்டையும் எடுத்துவிட்டேன். கூடப் பிறந்தவர்கள் பேசாமல் போக இவ்வளவு போதும்.)

இப்போது தங்கைக்குப் பயணிகள் கப்பல் ஒன்றின் சமையலறையில் வேலை கிடைத்திருக்கிறது. நாளைக் காலையில் கிளம்புகிறாள். குடும்பத்திலேயே இருக்கிற ஒரே பெரிய பெட்டி அக்கா வீட்டுப் பரண்மேல் கிடக்கிறது. அக்காவின் புருஷனுக்குப் போன் செய்து, "மாமா, சாயங்காலம் வந்து பெட்டிய எடுத்துக்கறேன். அஞ்சு நிமிஷம்தான்" என்றாள். போனை அக்காவிடம் கொடுங்கள் என்று சொல்லவில்லை. பக்கத்திலேயே நின்ற அக்காவுக்கு அது சுருக்கென்றது.

அந்த அஞ்சு நிமிஷத்துக்குள் தங்கையை உட்காரவைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் அவள் கோபத்தோடு கப்பலேறிவிடுவாள். மன்னிப்புக் கேட்டு அக்காவுக்குப் பழக்கமில்லை. ஆகவே டார்ட்.

4

பத்திரிகைக்காரர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது, குறிப்பையும் தந்துவிடுகிறேன். பிஸ்கட்டை ஒரு பையில் போட்டு டம்ளரின் அடியால் தட்டித் தூளாக்கவும். உருகிய வெண்ணெயைக் கலந்து, சின்னச் சின்ன அச்சுகளில் விரலால் அழுத்தி ஒட்டவும். க்ரீமை நுரைக்க அடித்து, கண்டென்ஸ்டு மில்க்கும் எலுமிச்சைச் சாறும் சேர்த்து அச்சுகளில் நிரப்பவும். மேலே திராட்சை வைக்கவும்.

சுலபம் என்று எழுதியவர் (நான்தான்) அக்காவின் மேல்மாடிச் சமையலறையில் நின்றதில்லை. வெண்ணெய் என்னவோ ஜன்னலோரம் வைத்ததுமே தானாக உருகிவிட்டது. மற்றது எதுவும் சொன்னபடி கேட்கவில்லை. மின்விசிறியைப் போட்டால் பிஸ்கட் தூள் பறந்தது, நிறுத்தினால் க்ரீம் இளகியது. அச்சின் ஓரம் உதிர்ந்து உதிர்ந்து விழுந்தது. அடித்து அடித்து அக்காவுக்குத் தோள்பட்டை கழன்றுவிடும் போலிருந்தது.

"இதையா அவ தெனமும் பண்றா?"

"தெனமும்தான். அதுவும் அவன் பக்கத்துலயே நின்னுக்கிட்டு" என்றார் புருஷன்.

"எவன்?"

"ரொட்டி சுடற அவன்டி."

அக்கா சிரிக்கவில்லை. திராட்சையை வைத்து முடித்துவிட்டு, "கடைசி வரியில என்ன போட்டிருக்கோ அதைப் பண்ணிடுங்க" என்று சொல்லிக் குளிக்கப் போனாள்.

கடைசி வரி: மூன்று மணி நேரம் உறைய வைக்கவும்.*

அவர் ஃப்ரிட்ஜ் மெக்கானிக். காலையிலிருந்து ராத்திரிவரை ஊரார் வீட்டு ஃப்ரிட்ஜுக்குள் தலையை விட்டுக்கொண்டிருப்பவர். உறைவது என்றால் அவருக்கு ஒரே அர்த்தம்தான். எல்லா டார்ட்டையும் ஃப்ரீசரில் அடுக்கி, குளிர்ச்சியைக் கடைசிவரை திருகிவைத்தார்.

* "இறுக விடவும்" என்று நான் எழுதியிருக்கலாம். எழுதியிருந்தால் டார்ட் நன்றாக வந்திருக்கும், தங்கை பெட்டியோடு போயிருப்பாள்.

5

தங்கை வந்தாள். தோளில் மாட்டிய பையை இறக்காமல் நின்றபடியே, "பெட்டி?" என்றாள், மாமாவைப் பார்த்து.

அக்கா தட்டை நீட்டினாள். தொழில் புத்தி விடுமா? தங்கை விரலால் ஒரு டார்ட்டை அழுத்தினாள். விரல் இறங்கவில்லை. கரண்டியால் தட்டினாள். டொக்கென்றது.

"அக்கா, இது ஃப்ரீசர்லயா இருந்துச்சு?"

ஒரு வருடத்துக்குப் பிறகு அவள் வாயில் வந்த "அக்கா". அக்கா சட்டென்று புருஷன் பக்கம் திரும்பினாள். அவர் முந்திக்கொண்டார். "உறைய வைக்கணும்னு போட்டிருந்துச்சு. வெச்சேன்."

"தயிர்கூடத்தான் உறையுது. அதை ஃப்ரீசர்லயா வெக்கறோம்?" என்றாள் அக்கா.

"அதைக் குறிப்பு எழுதினவங்களைக் கேளு."

(கேட்காதீர்கள்.)

"இளக எவ்வளவு நேரமாகும்?" என்றாள் அக்கா, தட்டைப் பார்த்தபடி.

"இந்த வெயில்ல முக்கால் மணி நேரம். நடுவுல இன்னும் ஆகும்." பதில் சொல்லும்போதே தங்கை டார்ட்டுகளை இடம்விட்டு நகர்த்திவைத்தாள். ஜன்னல் வெயில் நேராகப் படாமல் தட்டைத் தள்ளிவைத்தாள். பிறகுதான் தான் உட்கார்ந்துவிட்டதே அவளுக்குத் தெரிந்தது.

மாமா பெட்டியின் சக்கரத்துக்கு எண்ணெய் போடவேண்டும் என்று உள்ளே போனார். திரும்பி வரவில்லை. அந்தப் பெட்டியின் சக்கரத்தில் ஒரு கோளாறும் கிடையாது. இந்த மனுஷன் தெரிந்தேதான் ஃப்ரீசரில் வைத்தாரோ என்று எனக்கே சந்தேகம். கேட்டால் வாயைத் திறக்கமாட்டேன் என்கிறார். நான் எழுதிய ஆள், என்னிடமே.

6

முடிவு ஒன்று: இருவரும் கட்டிப்பிடித்து அழுகிறார்கள். அழுகிற ரகமில்லை, அடித்துவிட்டேன்.

முடிவு இரண்டு: டார்ட் பிரமாதம், எல்லாம் சரியாகிவிடுகிறது. டார்ட் பிரமாதமில்லை. எலுமிச்சை ஏகத்துக்குத் தூக்கல்.

முடிவு மூன்று:

"அன்னிக்கு நான்" என்றாள் அக்கா.

தங்கை காத்திருந்தாள்.

"அந்த விருந்துல நான் ஏதோ வாய்க்கு வந்தபடி"

மறுபடி பேச்சு பாதியில் நின்றது. ஓரங்களில் க்ரீம் மெல்ல இளக ஆரம்பித்திருந்தது.

"காலையிலேருந்து நிக்கறேன்டி. இடுப்பு விட்டுப்போச்சு. இதைப் போய் வேலையில்லன்னு சொன்னேன் பாரு. அத்தனை பேர் முன்னாடி பெருமையாச் சொல்லியிருக்கணும், மட்டமாச் சொல்லிட்டேன். தப்பு என்னோடதுதான். நீ போகாதன்னு சொல்லல. கோவத்தோட போகாத."

தங்கை ஓரத்தில் ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்தாள். புளிப்பில் கண்ணைச் சுருக்கினாள், விழுங்கினாள்.

7

அவள் பதிலை மூன்று விதமாக எழுதினேன். மூன்றுமே தங்கையின் பேச்சாக இல்லை, எழுதுகிறவர் பேச்சாக இருந்தன. யாரோடாவது பேச்சை நிறுத்திக்கொண்ட ஒருவருக்குத்தான் இந்த இடத்தில் என்ன வாயில் வரும் என்று தெரியும். எனக்கு அப்படி யாரும் இல்லை. உங்களுக்கு இருந்தால், அவர் எதிரே வந்து உட்கார்ந்து இதையே சொன்னால் நீங்கள் என்ன சொல்வீர்களோ, அதை இங்கே எழுதிக்கொள்ளுங்கள். நான் திருத்தமாட்டேன்.

தங்கை கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்: "