அலமாரிச் சாவி

‘பள்ளிகளில் அறிவியல், தொழில்நுட்பக் கல்வி பற்றி ஆசிரியர் கருத்து’ என்று மேலிடத்திலிருந்து ஒரு படிவம் வந்தது. கணக்கு வாத்தியார் எழுதிய ‘மிகவும் திருப்தி’யை மற்ற ஆசிரியர்கள் அப்படியே பார்த்து எழுதிக் கொடுத்துவிட்டார்கள். பிள்ளைகள் காப்பியடித்தால் மட்டும் காதைத் திருகுகிறவர்கள்! அறிவியல் டீச்சருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ‘எங்கள் மைக்ராஸ்கோப், ஆய்வு அதிகாரி வரும் நாளில் மட்டும் அலமாரியை விட்டு வெளியே வரும். பிள்ளைகள் அதைப் படத்தில்தான் பார்த்திருக்கிறார்கள்’ என்று எழுதிவிட்டார்.

மறுநாள் தலைமையாசிரியை அவரைக் கூப்பிட்டனுப்பினார். மேசைமேல் டீச்சரின் படிவம் விரித்தபடி கிடந்தது.

“இதை நீங்களா எழுதினீங்க?”

“ஆமா மேடம். உள்ளதைத்தானே எழுதினேன்.”

தலைமையாசிரியை மேசை டிராயரைத் திறந்து அலமாரிச் சாவியை எடுத்து நீட்டினார். “உடைஞ்சிடுமோன்னு பயந்து பயந்தே பூட்டி வெச்சுட்டேன். படிவம் இப்படியே போகட்டும். நீங்க இன்னிக்கே அதை வெளிய எடுங்க.”

டீச்சருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மதியம் மைக்ராஸ்கோப்பில் வெங்காயத் தோலை வைத்து, ஏழாம் வகுப்பை வரிசையில் நிறுத்தினார். கடைசிப் பிள்ளை பார்த்து முடித்த பிறகும் வரிசையில் ஓர் ஆள் பாக்கி இருந்தது.

“கொஞ்சம் நகருங்க டீச்சர்,” என்றார் தலைமையாசிரியை, மூக்குக்கண்ணாடியைக் கழற்றியபடி. “பதினெட்டு வருஷமா சாவி என்கிட்டதான். ஒரு தடவைகூட நான் இதுல பார்த்ததே இல்ல.”