சாமிக்கு எடுத்த தட்டு

சித்ரலேகாவுக்கு முட்டை என்றாலே பயம். சைவப் பிள்ளைமார் வீட்டில் பிறந்து, சைவப் பிள்ளைமார் வீட்டிலேயே வாழ்க்கைப்பட்டவள் வேறு எப்படி இருப்பாள்? ஆனால் டாக்டரம்மாவுக்கு அந்தப் பயமெல்லாம் கிடையாது. "உடம்புல ரத்தமே இல்ல. இந்தத் தடவையாவது பிள்ளை தங்கணும்னா தினம் ஒரு முட்டை சாப்பிடு" என்று சொல்லிவிட்டார்.

இதற்கு முன் இரண்டு தடவை தங்கவில்லை. இரண்டு தடவையும் நாள் தள்ளிப்போன கையோடு சேதி மாமனார் ஊரான ஆழ்வார்குறிச்சிக்குப் போனது. மாமியார் கோமு வீடு வீடாகச் சர்க்கரை கொடுத்தாள். பிறகு அதே வீட்டுக்காரர்கள் துக்கம் விசாரிக்க வந்தார்கள். அதனால் இந்தத் தடவை மூன்று மாதம் முடிகிறவரை யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்று அவளும் கணவன் பாலசுப்பிரமணியனும் முடிவு செய்திருந்தார்கள். தை பிறந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம்.

அவித்த முட்டை அவளுக்குத் தொண்டையைத் தாண்டவில்லை. பக்கத்து வீட்டு ஆபிதா பீவிதான் வழி சொன்னாள். "பாம்பே டோஸ்ட்டாப் போட்டுரு. ஏலக்காயும் நெய்யும் சேந்தா உள்ள என்ன கெடக்குன்னு உனக்கே தெரியாது."

தொண்ணூற்றாறாம் வருஷம் பிறந்த காலை. பேட்டையில் பாலசுப்பிரமணியன் கணக்கு எழுதும் பட்டறைக்கு விடுமுறை. இன்றைக்காவது பண்டிகை போலச் செய்வோமே என்று அவள் பாலில் சர்க்கரையும் ஏலக்காயும் இரண்டு இழை குங்குமப்பூவும் போட்டு, முட்டையை அடித்து ஊற்றினாள். ரொட்டித் துண்டுகளை அதில் முக்கி, நெய்யில் இரண்டு பக்கமும் சிவக்க எடுத்தாள். மேலே முந்திரி, சிவப்புச் செர்ரி. தட்டைப் பார்க்க அவளுக்கே சிரிப்பு வந்தது. வீட்டில் ஏற்கெனவே ஒரு பிள்ளை இருப்பது போல இருந்தது.

"சாமியே சரணம்" என்று வாசலில் குரல் கேட்டது.

மாமனார் ஐயம்பெருமாள். கறுப்பு வேட்டி, கழுத்தில் துளசி மாலை. பின்னால் கோமு. சபரிமலைக்குக் கார்த்திகையில் மாலை போட்டவர். போகுமுன் நெல்லையப்பரைப் பார்க்க முதல் பஸ் பிடித்து, வழியில் சேரன்மகாதேவியில் இறங்கி ஆற்றில் முழுகிவிட்டு, முதலில் மகன் வீட்டுக்கு வந்திருந்தார். பேரப்பிள்ளைக்காகத்தான் அவர் மாலை போட்டார் என்பது ஊருக்கே தெரியும்.

"தெருமுக்கு வரைக்கும் நெய் மணக்கே" என்றபடி நேராக வந்து தட்டை எடுத்தார். "வருசம் பொறந்த அன்னைக்குச் செஞ்ச பலகாரத்தச் சாமிக்கு வைக்காமலா திங்கது?" தட்டோடு பூஜை அலமாரிக்கு நடந்தார்.

பாலசுப்பிரமணியன் அசையாமல் நின்றான். ஆபத்து நேரத்தில் அவனுக்குத் தெரிந்த ஒரே வித்தை அதுதான்.

சித்ரலேகா கரண்டியோடு பின்னாலேயே வந்தாள். மாலை போட்ட மனிதர் முட்டையைச் சாமிக்குப் படைத்து, ஒரு விள்ளல் வாயிலும் போட்டுவிட்டால்? விரதம் கெட்டவர்களை மலை சும்மா விடாது என்று எத்தனை கதை கேட்டிருக்கிறாள். அந்தப் பாவம் தன் வயிற்றை மட்டும் தொடாமல் விடுமா? முட்டை என்று சொன்னால் எதற்கு என்று கேட்பார்கள். எதற்கு என்று சொன்னால் சேதி மறுபடியும் ஊருக்குப் போகும். இரண்டு தடவை போனது போதாதா?

அவர் விளக்கேற்றத் தீப்பெட்டியை எடுத்தார்.

"சாமி, அத வைக்காதீங்க" என்றாள். "நான் வீட்டுக்கு விலக்கு."

வாயை விட்டு வந்த பிறகுதான் சொன்னது என்னவென்று அவளுக்கு உறைத்தது. விலக்கான பெண் சமைத்ததை மாலை போட்டவர் தொடக்கூடாது, அவள் இருக்கும் வீட்டில் நிற்கவும் கூடாது. அதைவிட, வயிற்றில் பிள்ளை இல்லை என்றல்லவா சாமி முன்னால் சொல்லிவிட்டாள். சொன்னது பலித்துவிடுமோ?

ஐயம்பெருமாள் தட்டைத் தரையில் வைத்தார். அவர் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். "சரிம்மா. அவன் எப்பக் குடுக்கானோ அப்பக் குடுக்கட்டும்" என்றார். மாலையைப் பிடித்திருந்த கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மறுபடி ஆற்றில் முழுக வேண்டும் என்று படியிறங்கினார். பாலசுப்பிரமணியன் பின்னாலேயே ஓடினான்.

கோமு போகவில்லை. "மூணு நாளைக்கு எம்மகனுக்கு யாரு பொங்கிப் போடுவா? நீ அந்த மூலையில இரி. அடுப்படிப் பக்கம் வராத" என்று சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு உள்ளே போனாள்.

அடுப்படியில் தேங்காய் நாருக்கு அடியில் உடைத்த முட்டையின் தோடு கிடந்தது. ஓடிப்போய் எடுக்கலாம் என்றால் சித்ரலேகா சொன்ன பொய்யே குறுக்கே நின்றது. மூலையில் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள். பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. பிறகு எதுவும் கேட்கவில்லை.

கோமு வெளியே வந்தாள். உள்ளங்கையில் முட்டைத் தோடு. அதைப் பார்த்தாள், மருமகளைப் பார்த்தாள், தரையில் இருந்த தட்டைப் பார்த்தாள். போய்த் தெருக்கதவைச் சாத்தினாள். திரும்பி வந்து சித்ரலேகாவை ஒட்டி உட்கார்ந்தாள். விலக்கானவளை ஒட்டி யாரும் உட்காருவதில்லை.

"ஏளா, நீயா ஆசைப்பட்டு இதத் திங்க மாட்ட" என்றாள். "எத்தனாவது மாசம்?"

"மூணு இன்னும் முடியல அத்த."

கோமு தோட்டைத் தாளில் பொதிந்து இடுப்பில் செருகிக்கொண்டாள். "ரெண்டு தடவையும் நாந்தான ஊரெல்லாம் சொன்னேன்" என்றாள் பைய. "இந்த மட்டம் அந்த மனுசன்ட்ட கூடச் சொல்ல மாட்டேன். அழுதுகிட்டே போறாரு, பாவம். போட்டும். தை பொறக்கட்டும். நீ விலக்குன்னு சொல்லியாச்சு, மூணு நாளும் இங்கனயே இரி."

தட்டைப் பக்கத்தில் இழுத்து, அன்றுவரை முட்டையைத் தொட்டே அறியாத அந்தக் கையால் ஒரு துண்டைப் பிய்த்து மருமகள் வாயருகே நீட்டினாள்.

"ஆறிப்போச்சு. தின்னு."